லிம்பானியின் பெயரில் ஒரு திருத்தம்

சோம்பா,
வெள்ளிக்கிழமை.

அன்புள்ள லிம்பானி அண்ணனுக்கு,

தங்கை ததாலா எழுதுவது. இங்கே எல்லாரும் சுகம். நீதான் போனை எடுப்பதில்லையே! அதனால் ஜோகன்னஸ்பர்க் பஸ் டிரைவரிடம் இதைக் கொடுத்தனுப்புகிறேன். கிழித்துப் போடாமல் முழுசாகப் படி.

நீ தெரியாமல் அழித்துவிட்ட குரல்களையெல்லாம் மறுபடி பதிவுசெய்துவிட்டோம். மழை விட்டுப் பாதை திறந்ததும் நானே ஏரிக்கரைக்குப் போனேன். கர்ப்பிணிகளுக்கான நம் செயலிக்கு யாவோ மொழியில் பேசிக்கொடுத்த அதே பெண்கள்தான். "எங்க சத்தத்தையெல்லாம் தொடச்சிட்டு ஓடிட்டானாமே உங்கண்ணன்! வந்து எங்க மீனையும் தொடச்சித் தின்னுட்டுப் போகச் சொல்லு" என்று ஒரே சிரிப்பு. முன்னைவிட நன்றாகவே பேசினார்கள்.

அடுத்தது, குரல்களையெல்லாம் அழித்த அந்தக் கணினிக் கட்டளை. நீ போனபிறகு அதன் கையேட்டைப் படித்தேன். "பதிவில் சேராத கோப்புகளை நீக்கிச் சுத்தம் செய்யும்" என்று மட்டும்தான் இருந்தது. டேட்டா தீர்ந்துவிடும் என்று ஒலிப்பதிவுகளை நாம் யாருமே அந்த மென்பொருளின் பதிவில் சேர்ப்பதில்லை. பழையதையெல்லாம் காத்துவைக்கிற மென்பொருள்தானே, எதுவும் போகாது என்றுதானே யாரும் நினைப்பார்கள்? எனக்கு ஆத்திரம் வந்தது. அந்த மென்பொருளைப் பராமரிப்பவர்களுக்கே கையேட்டுக்கு ஒரு திருத்தம் எழுதி அனுப்பினேன். "இது எல்லாருக்கும் தெரிஞ்சதுதானே" என்றார் ஒருவர். "எங்கண்ணனுக்குத் தெரியலை. வேலையை விட்டுட்டுப் போய் மூட்டை தூக்குறான்" என்று பதில் போட்டேன். அப்புறம் இன்னொருவர், "எனக்கும் ஒருதடவை இப்படிப் போயிருக்கு, வெளியே சொன்னதில்லை" என்றார்.

இப்போது கையேட்டில் இப்படி இருக்கிறது: "நீக்கியவற்றை இந்த மென்பொருளால் மீட்க முடியாது. எவையெல்லாம் போகும் என்று முதலில் பார்த்துக்கொள்ளவும்." படித்ததும் அப்பாடா என்றிருந்தது.

மலுங்கா மேடம் அதை ஆபீசில் வாசித்துக் காட்டினார். "அந்த மடையனை வரச் சொல்லு, அவன் நாற்காலி காலியாத்தான் கிடக்கு" என்றார். மேடம் பேசாமல் இருந்தால்தான் கோபம். திட்டினால் தணிந்துவிட்டார் என்று உனக்குத் தெரியாதா!

அம்மா இன்னும் உனக்கும் சேர்த்தே சோளக் களி கிளறுகிறாள். மிச்சத்தைத் தின்று நான் குண்டாகிறேன்.

திருத்தத்தின் கீழே, குறையைக் கண்டுபிடித்தவர் என்று உன் பெயரைத்தான் போட்டிருக்கிறேன். எத்தனையோ நாட்டுக்காரர்கள் பார்க்கிறார்கள் அண்ணா, ஒருத்தர்கூடச் சிரிக்கவில்லை.

டிரைவர் ஞாயிற்றுக்கிழமை திரும்புகிறார். உனக்கும் ஒரு சீட் சொல்லிவைத்திருக்கிறேன். ஏறிவிடு.

இரண்டு தட்டு எடுத்துவைக்கும்
உன் தங்கை,
ததாலா