உட்காரும் பதவி

பிப்ரவரி 7, செவ்வாய்

தம்பி அம்போஃபோ இன்று இரண்டு பெரியவர்களோடு வந்தான். தனியாக வந்தால் சாப்பாடு கேட்பான். ஆள் கூட்டி வந்தால் ஏதோ காரியம் என்று அர்த்தம். எங்கள் தாய்வழிக் குடும்பத்துக்கு அவன்தான் தலைவன். எனக்கு இளையவன் என்பது அவனுக்கு எப்போதோ மறந்துவிட்டது.

குடும்பத்தின் மூத்தவர் நானா அஃப்ரகோமா ஜனவரியில் காலமானதிலிருந்து குடும்பத்துக்கு 'ஒபாபனின்' என்னும் மூத்த தாய் இல்லை. அந்த நாற்காலி காலியாகக் கிடக்கிறது. அம்மையார் பிணவறையில் காத்திருக்கிறார்; எங்கள் வழக்கப்படி இறுதிச் சடங்கு ஆற அமர மே மாதம்தான். அதற்குள் ஆள் வேண்டும். எல்லோரும் பேசி என்னைத் தேர்ந்தெடுத்துவிட்டார்களாம்.

"நான் என்ன செய்யணும்?"

"ஒண்ணுமே செய்ய வேணாம்க்கா. வந்து உட்கார்ந்தா போதும்."

பெரியவர்கள் இருவரும் தலையாட்டினார்கள். எங்கள் ஊரில் கௌரவம் என்றால் உட்காருவதுதான். எவ்வளவு நேரம் அசையாமல் உட்காருகிறாயோ அவ்வளவு பெரிய ஆள். சனிக்கிழமைதோறும் எங்காவது ஒரு சொந்தக்காரர் வீட்டில் துக்கம் இருக்கும். விடிவதற்கு முன்பே போய், முன்வரிசை நடுவில் அமர்ந்து, பொழுது சாயும்வரை வருகிறவர்கள் நீட்டும் கையைக் குலுக்க வேண்டும். நானா இருபது வருடம் அதைச் செய்தார்.

யோசித்துச் சொல்கிறேன் என்றேன். "இதுல யோசிக்க என்ன இருக்கு?" என்று அம்போஃபோ உண்மையாகவே புரியாமல் கேட்டான்.

பிப்ரவரி 11, சனி

யோசிக்க இருப்பது இதுதான். எனக்கே தெளிவாகட்டும் என்று எழுதுகிறேன்.

போன வருடம் அறுபது முடிந்ததும் பள்ளிக்கூடத்திலிருந்து அனுப்பினார்கள். பூகோள ஆசிரியைக்கு ஒரு சுவர்க் கடிகாரம், இரண்டு சொற்பொழிவு. இனி ஓய்வெடுங்கள் என்று ஆளாளுக்குச் சொன்னார்கள். நானும் நல்ல மாணவி போல ஓய்வெடுத்தேன். சில மாதத்தில் நாலு படி ஏறினால் மூச்சு வாங்கியது, ரத்த அழுத்தம் ஏறியது. ஒரு நாள் குளியலறையில் கண் இருட்டி விழுந்தேன். எழுந்திருக்கத் தெம்பில்லாமல் ஈரத் தரையில் கிடந்து கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். இதை யாரிடமும் சொல்லவில்லை. மருத்துவர் மாத்திரை எழுதித் தந்து, நடங்கள் என்றார்.

தனியாக நடந்து பார்த்தேன். ரொட்டிக்காரி கடையைத் தாண்டியதில்லை. பிறகுதான் துணிக்கடை டுஃபி என்னைக் காலை நடைச் சங்கத்துக்கு இழுத்துப்போனாள். சனிக்கிழமை விடிகாலை. முப்பது பெண்கள், எல்லோரும் ஐம்பதைத் தாண்டியவர்கள். ஒரு மத்தளம், ஒரு விசில், எங்களை விரட்ட ஓய்வுபெற்ற போலீஸ்காரர் சார்ஜென்ட் பைடூ. பாடிக்கொண்டே மாம்போங் மலைச்சரிவில் இறங்கி ஏறுகிறோம். இறங்கும்போது நாங்கள் வீராங்கனைகள். ஏறும்போது டுஃபி ஆண்டவரைக் கூப்பிட்டுக் கணக்கு கேட்கிறாள்.

அழுத்தம் இறங்கிவிட்டது. மாதவிடாய் நின்றதிலிருந்து இரவில் உடம்பு பற்றி எரியும். அதுகூடத் தணிந்து தூங்குகிறேன். சனிக்கிழமையைக் கொடுத்துவிட்டால் மறுபடி அந்த ஈரத் தரைதான். எனக்குப் பயமாக இருக்கிறது. பதவி வேண்டாம் என்றாலோ குடும்பத்தின் முகத்தில் விழிக்க முடியாது. எதை விடுவது?

பிப்ரவரி 15, புதன்

தேவாலயத்தில் பெண்கள் கூட்டம். 'அழகாக முதுமை அடைவது எப்படி' என்று ஒருவர் பேசினார். வயது முப்பது இருக்கும். போய்ப் பார்த்துவிட்டு வந்தவர் மாதிரிப் பேசினார். அதிக நேரம் உட்காருவது உடம்புக்குக் கெடுதல் என்பதை நாங்கள் காலையெல்லாம் மரப்பெஞ்சில் உட்கார்ந்து கேட்டோம்.

பிப்ரவரி 26, ஞாயிறு

மகள் அஜேய்வா குமாசியிலிருந்து வந்திருந்தாள். மாமன் போன் போட்டிருக்கிறான், வேறென்ன.

"ஊரே மதிக்கிற பதவிம்மா. எல்லாம் நீங்க இருக்கிற இடத்துக்கு வரும். இந்த வயசுல மலை ஏறி இறங்கி யாருக்கு எதைக் காட்டப் போறீங்க?"

"மலைக்குக் காட்டுறேன்."

"விளையாடாதீங்க. விழுந்து வெச்சா யாரு பாக்கிறது?"

விழுந்ததைச் சொல்லிவிடலாமா என்று வாய்வரை வந்தது. சொன்னால் படுக்கவே வைத்துவிடுவாள்.

ஃபுஃபு களிக்குக் கிழங்கு இடிக்க உலக்கையை எடுத்தேன். பிடுங்கிக்கொண்டாள். "நீங்க உட்காருங்க, நான் எதுக்கு வந்திருக்கேன்?" வங்கியில் நாள் முழுதும் நாற்காலியில் இருக்கும் உத்தியோகம் அவளுக்கு. உலக்கையைக் கொஞ்சம் தூக்கிப் போட்டதும் மூச்சிரைத்து, "ஒரு நிமிஷம் இருங்கம்மா" என்று திண்டாடினாள். மீதியை நான் இடித்தேன். வயிறு நிறையச் சாப்பிட்டுவிட்டு, உடம்பைப் பார்த்துக்கொள்ளச் சொல்லிப் புத்திமதி கூறிவிட்டுப் போனாள்.

மார்ச் 11, சனி

இன்று நடந்ததை எப்படி எழுதுவது? முதலில் உடுப்பு. சங்கத்துக்கு மஞ்சள் பனியன் தைக்கக் கொடுத்திருந்தோம். தையற்காரரிடம் மஞ்சள் தீர்ந்துபோய்ச் சிவப்பில் தைத்துவிட்டார். காற்சட்டை அவரவர் வீட்டில் இருந்த கறுப்பு. போட்டுக்கொண்டு கிளம்பிவிட்டோம். சனிக்கிழமை காலையில் இந்த ஊரில் பாதிப் பேர் சிவப்பும் கறுப்புமாகத்தான் துக்கத்துக்குப் போவார்கள்; பார்த்துப் பார்த்துப் பழகிய நிறம். அதனால்தான் எங்களில் ஒருத்திக்கும் உறைக்கவில்லை.

சந்தைக்குப் பின்தெருவில் திரும்பினோம். தெருவை அடைத்துப் பந்தல். துக்க வீடு. மத்தளம் நின்றது. ஆனால் அதற்குள் வீட்டார் எங்களைப் பார்த்து எழுந்துவிட்டார்கள். முப்பது பெண்கள், வரிசையாக, சிவப்பும் கறுப்புமாக, பாட்டோடு வருகிறார்கள். வேறு என்ன நினைப்பார்கள்?

"திரும்பிடலாம்" என்றார் சார்ஜென்ட் மெதுவாக.

"எழுந்து நின்ன துக்கக்காரங்களுக்கு முதுகைக் காட்டச் சொல்றீங்களா? நீங்க கடற்கரை ஊர்க்காரர், போயிடுவீங்க. நாங்க இங்க குடியிருக்கணும்" என்றாள் டுஃபி.

வலப்பக்கத்திலிருந்து தொடங்கி, வியர்வைக் கையால் ஒவ்வொரு கையாகக் குலுக்கிக்கொண்டு போனோம். உட்காரவைத்தார்கள். தண்ணீர் கொடுத்தார்கள். பிறகு அவர்கள் எழுந்துவந்து எங்கள் கைகளைக் குலுக்கினார்கள். முறைப்படி, வந்த காரியம் என்ன என்று கேட்டார்கள். எல்லோரும் சார்ஜென்டைப் பார்த்தோம். அவர் காலணியைப் பார்த்தார்.

நான் எழுந்தேன். "கெட்ட செய்தி எதுவும் இல்லை. நடந்து வந்தோம். உங்க துக்கம் கண்ணுல பட்டுச்சு. தாண்டிப் போக மனசு வரலை." ஒரு சொல் பொய்யில்லை. டுஃபி பனியனுக்குள் கைவிட்டு ஒரு நோட்டை எடுத்துத் துக்கப்பணமாக வைத்தாள். 'மாம்போங் காலை நடைத் தாய்மார்' என்று ஒலிபெருக்கியில் அறிவித்தார்கள். மேளம், துக்க வீட்டில் ஆடும் அடோவாவை அடிக்க ஆரம்பித்தது. சும்மா இருக்க முடியுமா? ஆடினோம். மலை ஏறுவதைவிட நன்றாகவே மூச்சு வாங்கியது.

புறப்படும்போது இறந்தவரின் மகள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். சொந்தம் அதிகமில்லாத வீடு. நாங்கள் வரும்வரை நாற்காலிகள் பாதி காலி. "எங்கம்மாவுக்கு இத்தனை சிநேகிதிங்க இருந்தாங்கன்னு எனக்குத் தெரியவே தெரியாதுங்க" என்று அழுதாள். அவள் அம்மாவின் பெயரைக்கூட நான் சுவரொட்டியில் பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன். அவள் கையைத் தட்டிக்கொடுத்துவிட்டுக் கிளம்பினேன். வழியெல்லாம் ஒருத்தியும் பாடவில்லை.

மார்ச் 12, ஞாயிறு

யாரோ வீடியோ எடுத்துப் பரப்பிவிட்டார்கள். அம்போஃபோ செருப்பைக்கூடக் கழற்றாமல் உள்ளே வந்தான்.

"சொந்த வீட்டுத் துக்கத்துல உட்கார முடியாதாம். ஊரான் வீட்டுத் துக்கத்துல காற்சட்டை போட்டுக்கிட்டு ஆட்டமாம். நான் தலைநிமிர்ந்து நடக்கிறதா வேணாமா?"

"நடந்தா நல்லதுதான். நீதான் நடக்கிறதே இல்லையே."

சொல்லியிருக்கக் கூடாது. முகம் செத்துப்போய்ப் போனான். அடுத்த ஞாயிற்றுக்கிழமை குடும்பம் கூடுமாம், ஒரே பதில் வேண்டுமாம், ஆம் அல்லது இல்லை. நான் என்ன தப்பு செஞ்சேன்? உயிரோட இருக்கணும்னு நினைக்கிறது திமிரா?

மார்ச் 14, செவ்வாய்

அம்போஃபோ பேசவில்லை. அவன் வராத வீடு இவ்வளவு அமைதியாக இருக்கும் என்று தெரியாது. அமைதி பிடிக்கவும் இல்லை.

மார்ச் 19, ஞாயிறு

குடும்பம் கூடியது. நான் சொல்லிவிட்டேன். குளியலறையில் விழுந்தது, தரையில் கிடந்தது, எல்லாம். அஜேய்வா வாயைப் பொத்திக்கொண்டாள். "நாள் முழுக்க உட்காரவெச்சா, அடுத்த துக்கம் என்னோடதாத்தான் இருக்கும். குடும்பத்துக்கு நல்லது கெட்டது சொல்லணுமா, சொல்றேன். சண்டை தீர்க்கணுமா, தீர்க்கிறேன். சனிக்கிழமை காலையில நடந்துட்டுத்தான் வருவேன். வந்தாலும் அசையாம இருக்க மாட்டேன்."

அம்போஃபோ தொண்டையைச் செருமினான். "முறைன்னு ஒண்ணு இருக்கில்ல. நானா அஃப்ரகோமா இருபது வருஷம் அந்த இடத்தைவிட்டு அசைஞ்சதில்லை. ஒபாபனின் எழுந்து நின்னு யாரும் பாத்ததில்லை."

மூலையிலிருந்து சிரிப்புச் சத்தம். நானாவின் மகள் கொனாடு. அறுபத்தாறு வயது, கூட்டத்தில் பேசியே கேட்டதில்லை.

"முறையா? எங்கம்மாவுக்கு இடுப்பு எலும்பு தேய்ஞ்சுபோச்சு. நின்னா வலி உயிர் போகும். வெளிய சொன்னா பதவியை எடுத்துடுவீங்கன்னு பயந்து உட்கார்ந்தே இருந்தாங்க. விடியறதுக்கு முன்னாடி நாங்க ரெண்டு பேர் தூக்கி உட்காரவெப்போம், எல்லாரும் போனப்புறம் தூக்கிட்டு வருவோம். அதுக்கு முன்னாடி இருந்த அம்மையார் துக்க வீட்டுல ஆடாத ஆட்டமில்லை. கேட்டுப் பாருங்க."

பெரியவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். அவர்களில் ஒருவருக்கு ஞாபகம் வந்துவிட்டது. ஆமாம், ஆடுவார், நன்றாகவே ஆடுவார் என்றார். இருபது வருடமாக மரபு என்று நாங்கள் எழுந்து நின்று மரியாதை செய்தது ஓர் இடுப்பு வலிக்கு. பாவம், அந்த அம்மையார் வலியில் உட்கார்ந்திருந்ததை எண்ணினால் சிரிப்பும் வரவில்லை.

அம்போஃபோ கடைசியில், "சரிக்கா. ஆனா காற்சட்டை வேணாம்" என்றான். ஒத்துக்கொண்டேன்.

ஏப்ரல் 1, சனி

புது பனியன் வந்துவிட்டது. மஞ்சள். மூன்று துக்க வீட்டார் சங்கத்தை அழைத்திருக்கிறார்கள். சிவப்பையே போட்டு வரச் சொல்கிறார்கள்.

மே 6, சனி

நானாவை அடக்கம் செய்தோம். தொண்ணூற்றொரு வயது; நிறைவாக வாழ்ந்தவர் என்பதால் சிவப்பு இல்லாமல் கறுப்பும் வெள்ளையுமாக உடுத்தினோம். விடிகாலையில் என் வீட்டிலிருந்து துக்கப் பந்தல்வரை குடும்பத்தார் எல்லோரும் என் பின்னால் நடந்தே வந்தார்கள். ஒபாபனின் நடக்கும்போது மற்றவர்கள் வண்டியில் வருவது மரியாதை இல்லையாம். இந்த முறை எப்போது பிறந்தது என்று கேட்டேன். அம்போஃபோ, "பழைய முறைக்கா" என்றான், மூச்சு வாங்க.

வந்தவர்கள் கையைக் குலுக்கினேன். பிறகு நானே போய், வந்திருந்தவர்களின் வரிசை முழுவதும் திரும்பக் குலுக்கினேன். கல்லறைவரை நடந்தேன். சங்கம் வந்தது, ஆடினேன். கொனாடு என்னோடு ஆடினாள், அழுதுகொண்டே. தேவாலயக்காரர்கள் வந்தார்கள், மறுபடி ஆடினேன். உச்சிப் பொழுதில்தான் நாற்காலி ஞாபகம் வந்தது. பித்தளைக் குமிழ் பதித்து, முதுகு உயர்ந்து, முன்வரிசை நடுவில். போய் அமர்ந்தேன். அடடா. முதுகைத் தாங்குகிறது, கையை வைக்க இடம் இருக்கிறது, பந்தலின் காற்று நேரே முகத்துக்கு வருகிறது. இவ்வளவு நல்ல நாற்காலியையா இத்தனை நாள் திட்டினேன்? கண் செருகியது.

"அம்மா, குமாசியிலிருந்து என் ஆபீஸ்காரங்க வந்திருக்காங்க" என்று அஜேய்வா தோளை உலுக்கினாள். "நீங்க ஆடுறதைப் பாக்கத்தான் இவ்வளவு தூரம் வந்திருக்காங்க. எழுந்திருங்க."

அவளுக்குப் பின்னால் அம்போஃபோ. "ஒபாபனின் உட்கார்ந்தே இருந்தா எப்படிக்கா? ஜனங்க என்ன நினைப்பாங்க?"

கொஞ்ச நேரம் உட்காரவிடுங்கள் என்று கெஞ்சினேன். விடவில்லை.