பிரேக்குக்கு விட்ட தையல் எண்ணெய்

மார்ச் 11, செவ்வாய்

ஸ்கூட்டரின் பின் பிரேக் மூன்று நாளாகக் கத்துகிறது. நான் தெருமுனை திரும்பும்போதே வீட்டில் மாமனார், "மருமக வந்துட்டா" என்கிறாராம். பெருநாளுக்குத் தைக்க வேண்டிய துணி மலையாகக் கிடக்கிறது. மெக்கானிக் வண்டியை இரண்டு நாள் விட்டுவிட்டுப் போகச் சொல்கிறார். வண்டி இல்லாமல் என் நாத்தனார் நூர்ஜஹானை லேப்பில் யார் கொண்டுபோய் விடுவது?

அஸர் தொழுதுவிட்டு நானே உட்கார்ந்தேன். பதினாறு வருடமாகத் தையல் மெஷினோடு குடித்தனம். கத்தினால் எண்ணெய் விடு. எனக்குத் தெரிந்த வைத்தியம் இதுதான். கதவுக்கும் இதுதான், கட்டிலுக்கும் இதுதான். மெஷின் எண்ணெய் டப்பாவின் நீள மூக்கைச் சக்கரத்தின் இடுக்கில் நுழைத்துத் தாராளமாக விட்டேன். சத்தம் போயே போய்விட்டது. குவைத்தில் இருக்கும் என் வீட்டுக்காரர் ஜாஹிதுக்கு வாய்ஸ் அனுப்பினேன்: "உங்க வண்டிய நானே சரி பண்ணிட்டேன்." நோன்பு வாயோடு ஒரே பெருமை.

மார்ச் 12, புதன்

எழுதினாலாவது மனசு ஆறுமா?

காலையில் நூர்ஜஹானை ஏற்றிக்கொண்டு வாய்க்கால் ரோட்டில் போனேன். வளைவில் பக்கத்து வயல்காரர் இராஜாங்கம் உளுந்துச் செடியைப் பரப்பியிருந்தார். வருடாவருடம் அறுவடையில் நடப்பதுதான். போகிற வண்டிகள் மிதித்து மணியை உதிர்த்துக் கொடுக்கும். நானும் வேகத்தைக் குறைத்து அதன் மேலேயே போவேன். இன்று பின் பிரேக்கைப் பிடித்தேன் — பிடிக்கவே இல்லை. பதறிப்போய் முன் பிரேக்கை அழுத்தினேன். முன்சக்கரம் செடியில் வழுக்கி இருவரும் விழுந்தோம். எனக்கு முழங்கையில் சிராய்ப்பு. நூர்ஜஹானுக்கு வலது மணிக்கட்டு முறிந்துவிட்டது. லேப்பில் ரத்தம் எடுக்கிற கை அது.

ஆஸ்பத்திரியில் எல்லோரும் எப்படி விழுந்தீர்கள் என்று கேட்டார்கள்.

"ரோட்டுல உளுந்து கிடந்துச்சு" என்றேன்.

பொய்யா? கிடந்தது உண்மைதானே.

மார்ச் 13, வியாழன்

இராஜாங்கம் பார்க்க வந்தார். மாமா உட்காரச் சொல்லவில்லை.

"ரோடு என்ன உங்க களமா? என் பொண்ணு கையப் பாருங்க."

"தப்புதாங்க பாய். இனிமே ரோட்டுல போட மாட்டேன்."

நான் கதவுக்குப் பின்னால் ஊசியில் நூல் கோத்துக்கொண்டு நின்றேன். நூல் நுழையவே இல்லை. வாயைத் திறந்திருந்தால் என்ன ஆகியிருக்கும்?

மார்ச் 15, சனி

மெக்கானிக்கிடம் கொடுக்கப் பயம். பிரித்தால் எண்ணெயைப் பார்ப்பார். பார்த்தால் கடைத்தெரு முழுக்கத் தெரிந்துவிடும். போனில் வீடியோ பார்த்து நானே பிரித்தேன். சைலன்சரைக் கழற்றாமல் சக்கரம் வராது என்று புரியவே ஒரு மணி நேரம். தப்பான ஸ்பானரைப் போட்டு ஒரு போல்ட்டின் தலையை மழுக்கியதுதான் மிச்சம்.

பிரேக் டிரம்முக்குள் கறுப்பாகக் கூழ். பிரேக் ஷூ இரண்டும் என் எண்ணெயைக் குடித்துப் பளபளவென்று இருந்தன. தையல் மெஷினில் உரசினால் கெடுதல். இங்கே உரசுவதுதான் வேலையே. இதுகூடத் தெரியாமல் ஒருத்தியைப் பின்னால் உட்கார வைத்திருக்கிறேன்.

மார்ச் 16, ஞாயிறு

இடது கையால் சாப்பிட மாட்டேன் என்கிறாள் நூர்ஜஹான். நோன்புக் கஞ்சியை நான்தான் ஊட்டினேன். அண்ணன் மனைவியான என்னை வாய் நிறையக் கூப்பிட்டு, "நல்லாப் பாத்துக்கிறீங்க மச்சி" என்றாள்.

மார்ச் 19, புதன்

ஷூவை மண்ணெண்ணெயில் கழுவி, உப்புத்தாளில் தேய்த்து மாட்டினேன். மறுபடியும் வழுக்கியது. எண்ணெய் குடித்த ஷூ தேறாது. புதிதை இங்கே வாங்கினால் யாராவது கேட்பார்கள் என்று திருவாரூர் போய் வாங்கி வந்தேன். இனி வழுக்கவே கூடாது என்று பிரேக் நட்டை இறுக்கிய இறுக்கலில் சக்கரம் சுற்றவே திணறியது. டிரம் தோசைக்கல்லாகச் சுட்டது. பயத்தில் செய்தாலும் தப்பு தப்புதான்.

அளவாகத் தளர்த்தினேன். பின் சீட்டில் அரிசி மூட்டையைக் கட்டிக்கொண்டு தெருவில் இருபது தடவை ஓட்டிப் பிடித்துப் பார்த்தேன். நிற்கிறது.

வண்டி சரியாகிவிட்டது. எனக்கு ஏன் ஓரிடத்தில் இருப்புக் கொள்ளவில்லை?

மார்ச் 22, சனி

மதியம் திடீரென்று மழை கொட்டியது. சாயங்காலம் தைத்த ஜாக்கெட்டை வாங்க இராஜாங்கத்தின் மனைவி காத்தாயி வந்தாள்.

"பறிச்சதெல்லாம் வயல்லயே குமிச்சுக் கிடந்துச்சும்மா. ரோட்டுல போட்டிருந்தா முந்தாநாளே மணி வீட்டுக்கு வந்திருக்கும். இப்ப அத்தனையும் ஊறிப்போச்சு."

என்னைக் குறையாக ஒரு வார்த்தை சொல்லவில்லை. "அந்தப் புள்ள கை தேவலையா?" என்றுதான் கேட்டாள்.

அடிப்பாவி, இன்னும் எத்தனை நாளைக்குடி வாய மூடிக்கிட்டு இருக்கப் போற?

மார்ச் 23, ஞாயிறு

சொல்லிவிட்டேன். எண்ணெய் டப்பாவை நூர்ஜஹான் முன்னால் வைத்து, மாமா இருக்கும்போதே சொன்னேன். அவள் தன் மாவுக்கட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"தெரியாம எண்ணெ விட்டீங்க, சரி மச்சி. பதினோரு நாளா தெரிஞ்சுதானே சும்மா இருந்தீங்க?"



மாமா சட்டையை மாட்டிக்கொண்டு, "நட, ராஜாங்கம் வீட்டுக்கு" என்றார். அங்கே முதலில் பேசியவரும் அவர்தான்: "நான் அன்னைக்குப் பேசுனது தப்புங்க." மீதியை நான் சொன்னேன். இராஜாங்கம் சாக்கில் காயப்போட்டிருந்த ஊறின உளுந்தைக் கிளறிக்கொண்டே கேட்டார்.

"அன்னைக்கே சொல்லிருக்கலாமேம்மா."

அவ்வளவுதான். திட்டியிருந்தால் தேவலை.

மார்ச் 31, திங்கள்

பெருநாள். நூர்ஜஹான் பேசுகிறாள், அளந்து அளந்து. ஊட்ட வேண்டாம் என்றுவிட்டாள். கட்டுக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் விரல்களில் ஸ்பூனை இடுக்கி, பிரியாணியைத் தானே சாப்பிட்டாள். பாதி கீழே சிந்தியது. நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன்.

ஏப்ரல் 28, திங்கள்

கட்டுப் பிரித்து நாலு நாளாகிறது. இரண்டு நாள் ஆட்டோவில் வேலைக்குப் போனாள். இன்று காலை, "வண்டிய எடுங்க" என்றாள்.

எடுத்தேன். ஏறவில்லை.

"முதல்ல புடிச்சுக் காட்டுங்க."

தெருமுனைவரை ஓட்டி, பிடித்துக் காட்டினேன். அப்புறம்தான் ஏறினாள்.

வளைவில் ரோடு முழுக்க உளுந்துச் செடி. இராஜாங்கம் தாமதமாக விதைத்த வயலுடையது. என் இடுப்பைப் பிடித்திருந்த அவள் கை இறுகியது. பின் பிரேக்கைப் பிடித்தேன். செடிக்கு ஒரு முழம் முன்னால் வண்டி நின்றது. லேசாகக் கத்தியது. கத்தட்டும்.

ஓரத்தில் நின்றிருந்த இராஜாங்கம் கையைக் காட்டினார். "ஏன் நிக்கிறீங்க? மேலயே போங்கம்மா, மணி உதிரட்டும்."

நான் பின்னால் திரும்பிப் பார்த்தேன்.

"மெதுவாப் போங்க மச்சி" என்றாள் நூர்ஜஹான்.

போனேன். லேப் வாசலில் இறங்கி, முக்காட்டைச் சரி செய்துகொண்டு, ஆட்டோக்காரரிடம் சாயங்காலம் வரவேண்டாம் என்று போனில் சொன்னாள். பிறகு என்னிடம், "அஞ்சு மணிக்கு வந்துடுங்க" என்றாள்.