ஏழாம் எண் புட்டி

ஜூலை 7, திங்கள்

பதினோராம் வகுப்புக்கு இன்று முதல் செய்முறைத் தேர்வு. பன்னிரண்டு மாணவிகள், பன்னிரண்டு புட்டிகள், எல்லாம் வெள்ளை உப்பு. எது எந்த உப்பு என்று பார்வையிலேயே கண்டுபிடித்துவிடக் கூடாதென்று எல்லாவற்றையும் கல்லுரலில் மாவாக அரைத்து, எண் மட்டும் ஒட்டி வைப்பேன். நான் ஆய்வக உதவியாளர்; விடை என் பதிவேட்டில் இருக்கும்.

ஏழாம் எண் முணுமுணுவுக்கு வந்தது. செய்வதையெல்லாம் வாய்க்குள் சொல்லிக்கொண்டே செய்வாள். அதனால் நான் வைத்த பெயர். ஜிங்க் கார்பனேட் என்று எழுதியிருந்தாள். பதிவேட்டில் ஜிங்க் சல்பேட்.

“ஆசிட் விட்டதும் பொங்குச்சு டீச்சர்” என்றாள்.

வேதியியல் டீச்சர் அநியாயக்காரி இல்லை. அதே புட்டியில் ஒரு கரண்டி எடுத்து எல்லோர் முன்னாலும் அமிலம் விட்டுக் காட்டினார். ஒரு குமிழிகூட வரவில்லை.

“டெஸ்ட் டியூப் சரியாக் கழுவாம இருந்திருக்கும்மா.”

அவள் தலையைக் குனிந்துகொண்டாள். எனக்குச் சுருக்கென்றது. கழுவியது நான்தானே?

ஜூலை 8, செவ்வாய்

முணுமுணு வணிகவியல் பிரிவுக்கு மாறப் போகிறாளாம். விண்ணப்பத்தை எழுதி அலுவலகத்தில் கொடுத்துவிட்டாள். பிரிவு மாற வெள்ளிக்கிழமை கடைசி நாள்.

“ஒரு தேர்வுக்காகவா?” என்று கேட்டேன்.

“மார்க்குக்காக இல்லக்கா. பொங்கினத என் கண்ணால பாத்தேன். பொங்கலைன்னு எல்லாரும் பாத்தாங்க. என் கண்ணையே நம்ப முடியலேன்னா நான் எப்படி இதப் படிக்கிறது?”

வீட்டுக்கு வந்தும் அதே நினைப்பு. சமையல் சோடாவில் எலுமிச்சையைப் பிழிந்து பொங்குவதையே பார்த்துக்கொண்டிருந்தேன். பதினாறு வருடம் ஆய்வகத்தில் வேலை. இதை ஒரு நாளும் நின்று பார்த்ததில்லை.

“ராத்திரிக்கு இதுதான் சாப்பாடா?” என்றார் வீட்டுக்காரர்.

ஜூலை 9, புதன்

தேர்வில் மீந்த உப்பைப் பொட்டலமாக மடித்து, எண் எழுதித் தட்டில் போட வேண்டும் என்பது எங்கள் வழக்கம். அந்தத் தட்டை இன்னும் கொட்டவில்லை என்பது மத்தியானம்தான் ஞாபகம் வந்தது. கிளறினேன். ‘7’ — அவள் கையெழுத்து.

திருத்தக் கொடுத்திருந்த அவளுடைய நோட்டு மேசைமேல் இருந்தது. அதைப் பிரித்து வைத்துக்கொண்டு வரி வரியாகச் செய்தேன். சோதனைக் குழாயை மூன்று முறை அலசினேன். இனி யார் குறை சொல்ல முடியும்?

பொட்டலத்துத் தூளில் அமிலம் விட்டேன். புஸ்ஸென்று பொங்கியது! வந்த வாயுவைக் குழாய்வழியாகத் தெளிந்த சுண்ணாம்பு நீருக்குள் விட்டேன். கொஞ்சம் கொஞ்சமாக வெளுத்துப் பாலாகிவிட்டது. கார்பனேட்தான்.

அடுத்து, ஏழாம் புட்டியிலிருந்து எடுத்ததில் அமிலம். சத்தமே இல்லை. பேரியம் குளோரைடு நாலு சொட்டு — வெள்ளையாக வீழ்படிவு. இன்னும் அமிலம் விட்டும் கரையவில்லை. சல்பேட்.

அவளும் சரி, டீச்சரும் சரி. ஒரே புட்டியில் அதெப்படி?

ஜூலை 10, வியாழன்

தெரிந்துவிட்டது. பீக்கர் கழுவும்போது, கல்லுரலைக் கையில் எடுத்ததும் தெரிந்துவிட்டது.

திங்கள் காலை ஏழாம் புட்டியில் தூள் குறைவாகத் தெரிந்தது. உரலில் மிச்சம் இருந்ததை, அதுவும் ஏழுக்கானதுதான் என்று நினைத்து, அள்ளி அதில் போட்டேன். ஆனால் கடைசியாக அரைத்தது நாலாம் எண்ணுக்கான ஜிங்க் கார்பனேட். அது புட்டியில் மேலாக நின்றிருக்கிறது. அதைத்தான் அந்தப் பெண் எடுத்தாள். டீச்சர் கரண்டி விட்டபோது அடியிலிருந்த சல்பேட் வந்தது.

நான்தான். வேறு யாருமில்லை.

வீட்டுக்காரரிடம் சொன்னேன். “கமுக்கமா இருந்துடு. இத்தன வருஷம் நல்ல பேரு எடுத்திருக்க. யாரு கேக்கப் போறா?”

யாரும் கேட்கப் போவதில்லை. அதுதானே உறுத்துகிறது. நாளைக்கு அந்த விண்ணப்பம் போய்விடும். அப்புறம் சொல்லி என்ன, சொல்லாமல் என்ன?

ஜூலை 11, வெள்ளி

முதல் மணிக்கு முன்பே டீச்சரிடம் போய் நின்றேன். நடந்ததைச் சொன்னேன். அவர் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

“காட்டுங்க.”

பொட்டலத்தில் ஒரு சிட்டிகைதான் மிச்சம். பொங்காமல் போய்விட்டால்? அமிலம் விட்டேன். பொங்கியது. டீச்சர் குழாயைக் காதருகே கொண்டுபோய்க் கேட்டார். ஏன் அப்படிச் செய்தாரோ, தெரியவில்லை.

“எல்லார் முன்னாலயும் அவ தப்புன்னேன். எல்லார் முன்னாலயும்தான் திருத்தணும்” என்றார்.

வகுப்பில் அவர் சொல்லி முடித்ததும் நானும் எழுந்து, “ஏழுல கலந்தது நான்தான்” என்றேன். பன்னிரண்டு முகங்கள். முணுமுணு என்னையே பார்த்தாள்.

“அப்போ நான் பாத்தது சரிதானாக்கா?”

“சரிதான்மா. நாங்க பாத்ததும் சரி. எங்களுக்குப் புட்டியப் பத்தித் தெரியல, அவ்வளவுதான்.”

சிரிப்பாள் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை. விண்ணப்பத்தைத் திரும்ப வாங்கினாளா என்று நான் கேட்கவில்லை.

ஜூலை 14, திங்கள்

தலைமை ஆசிரியை எச்சரிக்கைக் கடிதம் கொடுத்தார். கையெழுத்துப் போட்டு வாங்கிக்கொண்டேன். வலிக்கத்தான் செய்கிறது. வேதியியல் வகுப்பில் அவள் இடம் காலி.

ஜூலை 15, செவ்வாய்

வேதியியல் வகுப்புக்கு வந்தாள். நேற்றுக் காய்ச்சலாம்.

ஆகஸ்ட் 8, வெள்ளி

அலமாரியின் பின்னால் பெயரில்லாத ஒரு புட்டி கிடைத்தது. “தூக்கிப் போட்ருங்க” என்றார் டீச்சர். ஒரு நாள் தவணை கேட்டேன். வகுப்பு முடிந்ததும் முணுமுணுவும் வந்து ஒட்டிக்கொண்டாள்.

அமிலம் — ஒன்றுமில்லை. பேரியம் — ஒன்றுமில்லை. சில்வர் நைட்ரேட் விட்டதும் தயிர் திரிந்தாற்போலத் திரண்டது. அம்மோனியாக் கரைசல் ஊற்றியதும் கரைந்துபோனது. அப்படியென்றால் குளோரைடு. எதனுடைய குளோரைடு? காரம் சேர்த்துச் சூடாக்கினோம். மூக்கைப் பிய்த்துக்கொண்டு போகிற நெடி. அவள் ஈரமான சிவப்பு லிட்மஸ் தாளை வாயருகே நீட்டினாள் — குழாயின் வாய்தான். தாள் நீலமானது.

“அம்மோனியம்” என்றோம், இருவரும் இருமிக்கொண்டே.

பதிவேட்டில் உப்பின் பெயரை எழுதினேன். ‘சோதித்தவர்’ என்ற இடத்தில் இத்தனை வருடமும் ஒரு கோடு இழுத்துவிடுவேன். இன்று அவள் பெயரையும் என் பெயரையும் எழுதி டீச்சரிடம் நீட்டினேன். படித்துப் பார்த்தார். கீழே கையெழுத்துப் போட்டார்.