பளபளப்பில்லாத பாத்திரங்கள்

மார்ச் 4, செவ்வாய்

கண்காட்சிக்கூடத்து மேடம் மறுபடி கூப்பிட்டார். மாதக் கடைசியில் நேரில் வந்து என் சேகரிப்பைப் பார்க்கிறாராம். பிடித்திருந்தால் ஒரு முழு அறையே எனக்கு. மருந்துக்கடைக் கல்லாவில் உட்கார்ந்து தலைவலி மாத்திரை விற்கிறவளுக்கு ஒரு அறை! பழைய எவர்சில்வர் தட்டும் கரண்டியும் சேர்க்கிறேன் என்று என்னைக் கிண்டல் செய்தவர்கள் எல்லாம் வரிசையில் நின்று பார்க்கட்டும்.

என்னிடம் இருப்பவை கடையில் மினுக்கும் ரகம் இல்லை. எப்போதோ மூடிப்போன ஒரு தொழிற்சாலை, பளபளப்பே கூடாது என்று பிடிவாதமாகச் செய்தவை. வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்தால் மயிரிழைக் கோடுகள் எல்லாம் ஒரே திசையில் ஓடும். அடியில் குட்டியாக ஒரு முத்திரை. இந்த இரண்டும் போனால் அது வெறும் தட்டு.

நீளமான பரிமாறும் தட்டில் மட்டும் ஒரு ஒடுக்கு. பாலிஷ் கடையில் கொடுத்துத் தட்டி எடுக்க வேண்டும். வீட்டுக்காரரை அனுப்பலாம். லிஃப்ட் கம்பெனியில் ஆட்களைக் குறைத்ததிலிருந்து வீட்டில்தானே இருக்கிறார்.

மார்ச் 11, செவ்வாய்

எழுத முடியவில்லை. எல்லாம் போயிற்று.

மார்ச் 12, புதன்

ஒரு தட்டோடு போகவேண்டியவர் எல்லாப் பெட்டிகளையும் வண்டியில் ஏற்றிப் போயிருக்கிறார். எனக்குத் தெரியாமல் செய்து என்னை அசத்த வேண்டுமாம். எல்லாவற்றையும் புதுசு மாதிரி ஆக்கிக் கொடுங்கள் என்று சொல்லியிருக்கிறார். பாலிஷ்காரரும் சக்கரத்தில் வைத்து மனசாரத் தேய்த்துவிட்டார். நேற்று நான் வேலை முடிந்து வந்தபோது மேஜை முழுக்கக் கண்ணாடியாக மின்னியது. ஒரு கோடு இல்லை. முத்திரை இருந்த இடம் வழவழவென்று இருக்கிறது. பக்கத்தில் இவர், சபாஷ் வாங்கக் காத்திருக்கும் முகத்தோடு.

நான் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். "நீங்க சும்மா இருந்தாலே எனக்குப் பெரிய உபகாரம். கை வச்ச இடமெல்லாம் நாசம். அதான் கம்பெனிலயும் உங்களை முதல்ல அனுப்பினாங்க."

அந்தக் கடைசி வாக்கியம் எங்கிருந்து வந்தது? கம்பெனியை யார் கேட்டார்கள் இப்போது?

இவர் போய்ப் படுத்துக்கொண்டார். விடிந்து பார்த்தால் ஆள் இல்லை. போன் மேஜைமேல் கிடக்கிறது.

மார்ச் 13, வியாழன்

வரவில்லை.

மார்ச் 14, வெள்ளி

இவர் அண்ணன் வீட்டில் இல்லை. கூட வேலை பார்த்தவர்கள் யாருக்கும் தெரியவில்லை. காவல் நிலையத்தில் எழுதிக் கொடுத்தேன். வீட்டில் ஏதாவது சண்டையா என்று கேட்டார்கள். பாத்திரத்துக்கு பாலிஷ் போட்டதில் சண்டை என்று எந்த வாயால் சொல்வது? சின்னப் பிரச்சினை என்று சொல்லி வைத்தேன்.

தங்கச்சி வந்து உட்கார்ந்துவிட்டாள். "போனது போகட்டும்க்கா, வெறும் பாத்திரம்தானே" என்றாள். அவளை அறையலாம் போல இருந்தது. அவள் சொன்னதில் தப்பே இல்லை. அதனால்தான் அறையத் தோன்றியது.

மார்ச் 15, சனி

ஆஸ்பத்திரியிலிருந்து கூப்பிட்டார்கள். அடையாளம் தெரியாத ஒருவர், இதே வயது. துணியை விலக்கும் வரை நான் வேண்டாத தெய்வம் இல்லை.

இவர் இல்லை. வேறு யாரோ.

வெளியே படியில் உட்கார்ந்து அழுதேன், யாரும் தேடி வராத அந்த மனிதருக்கும் சேர்த்து. ஐயோ, என் நாக்கு ஏன் இப்படி? இவர் எத்தனை வருஷம் மற்றவர்கள் லிஃப்டில் பத்திரமாக மேலே போய்க் கீழே வரப் பார்த்துக்கொண்டவர். அந்தக் கையைப் போய் நாசம் என்றேனே. வந்துடுங்க. திட்டுங்க, நாலு நாள் பேசாம இருங்க, ஆனா வீட்டுக்குள்ள இருங்க.

மார்ச் 17, திங்கள்

கண்ணில் படவே வேண்டாம் என்று பாத்திரங்களைப் பரண்மேல் ஏற்றும்போதுதான் கவனித்தேன். கரண்டிப் பெட்டியைக் காணோம். வீடு முழுக்கத் தேடினேன். இவர்தான் எடுத்துப் போயிருக்க வேண்டும்.

சாகப் போகிறவன் கரண்டியை எடுத்துக்கொண்டு போவானா? தங்கச்சியிடம் கேட்டேன். மாட்டான் என்றாள். இன்றைக்குத்தான் ஒரு வாய் சாப்பிட்டேன்.

கரண்டியோடு ஒரு மனுஷன் எங்கே போவான்?

மார்ச் 18, செவ்வாய்

பாலிஷ் கடையில் இருக்கிறார்.

பாலிஷ்காரர் என்னைப் பார்த்ததும் தலையைச் சொறிந்தார். யாரிடமும் சொல்லக்கூடாது என்று இவர் சத்தியம் வாங்கிவிட்டாராம். பின்கட்டில் சாக்கு விரித்துப் படுக்கை. விரல்களில் துணிச்சுற்று. உப்புத்தாளை வைத்து ஒரு கரண்டியை ஒரே திசையில் இழுத்து இழுத்துத் தேய்த்துக்கொண்டிருந்தார். கோட்டைத் திரும்பக் கொண்டுவருகிறாராம்!

நான் மன்னிப்புக் கேட்டேன். தலையாட்டினார். கரண்டியை நீட்டினார்.

"ரொம்ப நல்லா இருக்கு. வாங்க, போலாம்" என்றேன்.

"நீ பாக்கவே இல்ல" என்றார். "எனக்குப் பிச்சை போடாத."

திரும்பி உட்கார்ந்துவிட்டார். தனியாக வந்தேன்.

மார்ச் 20, வியாழன்

காட்டுவதற்கு ஒன்றும் இல்லை என்று மேடத்திடம் சொல்லிவிட்டேன். பாவம், ரொம்ப வருத்தப்பட்டார். அந்த அறைக்காக இன்னும் கொஞ்ச நாள் அழுவேன், அது வேறு விஷயம். இவருக்குச் சாப்பாடு கொண்டுபோனேன். வாங்கிக்கொண்டார், அவ்வளவுதான். களிம்பு கொடுத்தேன், பூசிக்கொண்டார். இப்படியே இருந்துவிடுவாரோ?

மார்ச் 22, சனி

இன்று வேறொரு கரண்டியை நீட்டினார். வாங்கி, வாசலுக்குப் போய், வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தேன். நிஜமாகவே பார்த்தேன். பிடி அழகாக வந்திருக்கிறது. குழியில் இடதுபக்கம் கோடுகள் இழுத்துக்கொண்டு போகின்றன. நல்லா இருக்கு என்று சொல்லிவிட்டால் என்ன என்று மனசு கெஞ்சியது. இவரைப் பார்த்தேன். மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"பிடி சரியா வந்துடுச்சு. குழி கோணல். இங்க பாருங்க, கை திரும்பியிருக்கு."

பாலிஷ்காரர் சக்கரத்தையே நிறுத்திவிட்டார்.

இவர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுக் கரண்டியை வாங்கி, நான் சாய்த்த மாதிரியே சாய்த்து, நிதானமாகப் பார்த்தார்.

"ஆமா, கோணல்தான்" என்றார். "நாளைக்குப் பாத்துக்கலாம். இரு, கையக் கழுவிட்டு வரேன். வீட்டுக்குப் போலாம்."