தள்ளுபடி வாங்கிக் கொடுத்த மச்சானுக்கு

கருக்களாச்சேரிக் கடற்கரையில் ஏலம் கூவி, அந்தக் குரலோடு போய்விட்ட என் அன்பு லூர்துசாமி மச்சானுக்கு,

நீங்கள் போய் இரண்டு வருஷமும் நாலு மாதமும் ஆகின்றன. அக்கா இருக்கிறாள், முட்டிவலியோடு. உங்கள் மகள் ஸ்டெல்லாவும் இருக்கிறாள். அவளைப் பற்றிச் சொல்லத்தான் இந்தக் கடிதம். ஆனால் முதலில் என்னைப் பற்றிக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் எழுதுவது நான்தானா என்று உங்களுக்கே சந்தேகம் வந்துவிடும்.

நான் குவைத்தை முடித்துக்கொண்டு ஊரோடு வந்துவிட்டேன். இருபது வருஷம் அந்தப் பாலைவனத்தையே நிமிர்த்தி நிறுத்தியவன் கிளம்புகிறான் என்று முதலாளி விமான நிலையம் வரை வந்து கண்கலங்கினார். நீங்கள் இருந்தால் பீடியை ஓரம் வைத்துவிட்டு, "ஆரோக்கியம், இதுல எவ்வளவு கழிச்சுக்கட்டும்?" என்று கேட்டிருப்பீர்கள். கழித்துக்கொள்ளுங்கள். பதினாலு வருஷம்தான். வந்தவர் கம்பெனி வண்டி டிரைவர். கண்கலங்கியதும் அவர் இல்லை, நான்தான்.

என் பேச்சைக் கழித்துக் கேட்க இப்போது ஆளே இல்லை மச்சான். எல்லோரும் அப்படியே நம்பிவிடுகிறார்கள், அல்லது சுத்தமாக நம்புவதில்லை. இரண்டிலும் எனக்குச் சுகமில்லை.

உங்களுக்கு வாதம் வந்து வலது பக்கம் விழுந்த பிறகு பதினோரு மாதம் ஸ்டெல்லா உங்கள் விரல்களை மடக்கி விரித்ததை அக்கா போனில் சொல்லிச் சொல்லி அழுவாள். ஒவ்வொரு விரலுக்கும் ஒரு விலை கூவச் சொல்வாளாமே. ஐந்நூறு, ஐந்நூற்றைம்பது, அறுநூறு. சுண்டுவிரல் அசைந்த அன்று, "அறுநூறு ஒருதரம், ரெண்டுதரம், மூணுதரம்" என்று அவளே ஏலத்தை முடித்தாளாம். அன்றைக்கே அந்தப் பெண் முடிவு செய்துவிட்டாள், பிசியோதெரபிதான் படிப்பேன் என்று. பன்னிரண்டாவதில் நல்ல மதிப்பெண். புதுச்சேரியில் ஒரு கல்லூரியில் இடமும் கிடைத்தது. கல்விக்கடன் வேண்டும். அக்காவுக்கு வருமானம் கிடையாது. கூடக் கையெழுத்துப் போட ஒரு ஆள் வேண்டும் என்றார்கள்.

நான் இருக்கும்போது ஆள் தேடுவார்களா? கோயில் வாசலில் பூசை முடிந்து நாலு பேர் நிற்கும்போதே சொன்னேன்: "நான் கையெழுத்துப் போட்டா மேனேஜர் எழுந்து நிப்பாரு." எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடம் என்னை விட்டுவிட்டாலும் என் கையெழுத்து கலெக்டர் கையெழுத்து மாதிரி இருக்கும், உங்களுக்கே தெரியும்.

ஸ்டெல்லாவைக் கூட்டிக்கொண்டு காரைக்கால் டவுனுக்குப் போனேன். கோட்டு போட்டிருந்தேன். குவைத் வங்கியில் எனக்கு எவ்வளவு நல்ல பெயர் என்று அரபியில் அடித்த ஒரு கடிதமும் கையில் இருந்தது. அங்கே கடன்அட்டை வாங்கி ஒரு மாதம்கூடத் தவறாமல் கட்டினேன். இதில் கழிவே கிடையாது மச்சான், சத்தியம். கடன்பிரிவில் இருந்த அம்மாளுக்கு ஸ்டெல்லாவைவிட ஏழெட்டு வயதுதான் கூட இருக்கும். காகிதத்தை இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்தார்.

"சார், இது இங்க ஏறாதுங்க."

"ஏன்மா, குவைத் தினாரு நம்ம ரூபாயவிடப் பெருசு."

"அது சரிங்க சார். நீங்க வெளிநாட்டுல எவ்வளவு ஒழுங்கா கட்டினாலும் அது அந்த நாட்டோட சரி. இங்க உங்க பேர்ல என்ன இருக்குன்னுதான் பாப்போம்."

பார்த்தார். கடனை ஒழுங்காகக் கட்டியதற்கு மதிப்பெண்ணாம், திரையில் ஒரு எண் வந்தது. ஐந்நூற்று எண்பத்தெட்டு. நான் பெருமையாக ஸ்டெல்லா பக்கம் திரும்பினேன். மொத்தம் தொள்ளாயிரம் என்றும், எழுநூறாவது வேண்டும் என்றும் அதற்குப் பிறகுதான் அந்த அம்மாள் சொன்னார்.

"சார், லோடு ஆட்டோவுக்குக் கடன் வாங்கியிருந்தீங்களா?"

நம் லோடு ஆட்டோ மச்சான். மீன் பெட்டி ஏற்ற வாங்கி, ஒன்றரை வருஷம் ஓட்டி, ஓட்டை விழுந்து, அதை உங்கள் வீட்டு வேப்பமரத்தடியில் நிறுத்திவிட்டு நான் விமானம் ஏறினேனே, அதே வண்டி. வங்கிக் கடிதங்கள் உங்கள் வீட்டுக்கு வந்தன. நான் அங்கிருந்து பிரிட்ஜ் அனுப்பினேன், மிக்சி அனுப்பினேன், தங்கக் கலர் கடிகாரம் அனுப்பினேன். தவணை மட்டும் அனுப்பவில்லை. ஊரில் கண்ணுக்குத் தெரிகிற சாமானைத்தானே கேட்பார்கள்? தவணை யார் கண்ணுக்குத் தெரிகிறது?

ஐந்து வருஷத்துக்கு முன்னால் வங்கியில் சமரசம் பேசக் கூப்பிட்டபோது நீங்கள் எனக்காகப் போனீர்கள். வட்டியெல்லாம் சேர்ந்து ஒரு லட்சத்து அறுபதாயிரம் நின்றது. போவதற்கு முன்னால் எனக்குப் போன் போட்டீர்கள். நான் என்ன சொன்னேன் என்று ஞாபகம் இருக்கிறதா? "பாதிக்குக் கீழ அடிங்க மச்சான். உங்க வாய்க்கு முன்னால வங்கி நிக்குமா?"

நிற்கவில்லை. எழுபதாயிரத்துக்கு முடித்தீர்கள். உங்கள் ஏலக் கமிஷன் பணத்தில் கட்டினீர்கள். தொண்ணூறாயிரம் தள்ளுபடி. கடற்கரை வழக்கம் அதுதானே? கூவின விலை ஒன்று, வியாபாரி பணம் கொடுக்கும்போது பெட்டிக்கு இவ்வளவு என்று தள்ளிக் கொடுப்பது ஒன்று. தள்ளாமல் முழுசாகக் கொடுக்கிறவனை ஏமாளி என்போம். நீங்கள் அன்றைக்கு நம் தெருவுக்கு லட்டு கொடுத்தீர்களாம். நான் குவைத்தில் அறையிலிருந்த பதினொரு பேருக்கும் பிரியாணி வாங்கிக் கொடுத்து, "எங்க மச்சான் வங்கியையே ஏலம் எடுத்துட்டாரு" என்றேன். இப்படிப் பிரியாணிக்குச் செலவழித்ததை மாதாமாதம் தவணைக்கு அனுப்பியிருந்தால் சமரசமே வேண்டியிருக்காது. அது அப்போது தோன்றவில்லை.

அந்த அம்மாள் அதையேதான் திரையில் காட்டினார். "முழுசா கட்டி முடிக்கலைங்க சார். தொண்ணூறாயிரம் வங்கி விட்டுக்கொடுத்து முடிச்சிருக்காங்க. அது உங்க பேர்ல நிக்குது."

"அது பேசி முடிச்சதும்மா. ரசீது இருக்கு."

"இருக்கும் சார். ஆனா இன்னொரு வங்கி பாக்கிறப்ப, இவருக்குக் கொடுத்தா பாதி வராதுன்னுதான நினைப்பாங்க?"

நான் அரபிக் கடிதத்தை மடித்துக் கோட்டுப் பையில் வைத்தேன் மச்சான்.

வெளியே வந்து பஸ் ஸ்டாப்பில் நின்றோம். ஸ்டெல்லா கேட்டாள்: "அப்பா செஞ்சது தப்பா மாமா?"

எதையாவது ஜோடித்துச் சொல்லியிருக்கலாம். கம்ப்யூட்டர் கோளாறு, மேலிடத்தில் ஆள் இருக்கிறார் என்று ஆயிரம் இருந்தது என்னிடம். வரிச்சிக்குடி பஸ் வந்து போனது. நான் சொன்னேன்: "நான் சொல்லித்தான் செஞ்சாரு. கடன் என்னுது. கட்டாதவன் நான். உங்கப்பா வந்து தலைகொடுத்தாரு."

அவள் எதிரே இருந்த மருந்துக்கடையைப் பார்த்தாள். "சரி மாமா, பஸ்ஸு வருது, ஏறுங்க" என்றாள்.

அதற்குப் பிறகு நடந்ததைக் கேளுங்கள். விட்டுக்கொடுத்த தொண்ணூறாயிரத்தையும் கட்டிவிட்டால் அந்தக் கறையைத் திருத்துவார்கள் என்று தெரிந்தது. ஊருக்கு வந்து வாங்கிய மோட்டார் சைக்கிளை விற்றேன், மோதிரத்தை விற்றேன். மோதிரத்தை ஒரு ஏழைக்குத் தானம் கொடுத்தேன் என்று தெருவில் சொல்லியிருக்கிறேன். பணத்தை எடுத்துக்கொண்டு போனால், கடன் கொடுத்த கிளையே இல்லை. வேறொன்றோடு சேர்த்துவிட்டார்களாம். அங்கே போனால், "முடிஞ்ச கணக்குல எப்படிங்க பணம் வாங்குறது?" என்கிறார்கள். புதுச்சேரிக்குப் போனேன். அங்கே ஒருவர் சொன்னார்: "பெரியவரே, தள்ளுபடி பண்ணதைத் திருப்பிக் கட்டுறேன்னு வந்த முதல் ஆள் நீங்கதான். எந்த ஃபாரத்துல எழுதுறதுன்னே தெரியல."

ஒன்பது வருஷம் கடனைக் கேட்டு அவர்கள் என் பின்னால் வந்தார்கள். இப்போது பணத்தோடு நான் அவர்கள் பின்னால் போகிறேன், வாங்க ஆளில்லை. ஐந்து தடவை பஸ் ஏறினேன். இதைப் பத்துத் தடவை என்று சொல்ல எனக்கு ஆசைதான். ஐந்து.

கடைசியில் மனு எழுதி வாங்கி, பணத்தையும் வாங்கி, பாக்கி இல்லை என்ற கடிதம் என் கைக்கு வர மூன்று மாதம் ஆனது. கல்லூரியில் பணம் கட்டக் கடைசி நாள் அதற்கு ஏழு வாரம் முன்னாலேயே போய்விட்டது. ஸ்டெல்லாவின் இடத்தை வேறொரு பிள்ளைக்குக் கொடுத்துவிட்டார்கள். இப்போது அவள் பஸ் ஸ்டாப்புக்கு எதிரே இருக்கிற அதே மருந்துக்கடையில் பில் போடுகிறாள்.

கடிதம் வந்த அன்று அதை அவளிடம் கொண்டுபோய் நீட்டினேன். "எல்லாம் கட்டிட்டேம்மா. இனிமே ஒரு பைசா பாக்கி இல்ல."

அவள் படித்துவிட்டு மடித்துத் திருப்பித் தந்தாள். "என்னோட ஒரு வருஷம் இருக்கே மாமா" என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. கடையில் சில்லறை பாக்கி சொல்கிற மாதிரி சொன்னாள். கோபமாகச் சொல்லியிருந்தால் நான் ஏதாவது பதில் பேசியிருப்பேன்.

அதில் தள்ளுபடி கேட்க முடியுமா மச்சான்? நீங்கள் இருந்தால் பேசிப் பார்ப்பீர்களா?

அந்த வங்கி அம்மாள்தான் இன்னொரு வழி சொன்னார். இருபத்தைந்தாயிரத்தை வைப்புநிதியில் போட்டு, அதன் மேல் ஒரு கடன்அட்டை வாங்கச் சொன்னார். என் பணத்தை அவர்களிடம் கொடுத்து, அதையே அவர்களிடம் கடனாக வாங்கி, ஒழுங்காகத் திருப்பிக் கட்டி, நான் யோக்கியன் என்று மாதாமாதம் காட்ட வேண்டும். ஐம்பத்தெட்டு வயதில் முதலாம் வகுப்பு. மாதம் ஒரு கேஸ் சிலிண்டர், அக்காவுக்கு அரிசி ஒரு மூட்டை, அவ்வளவுதான் வாங்குகிறேன். முதல் மாதம் வாங்கிய அன்று மத்தியானமே போய்க் கட்டிவிட்டேன். "அவசரப்படாதீங்க சார். பில்லு வரட்டும், அப்புறம் கட்டுங்க. அப்பதான் கணக்குல தெரியும்" என்று அவர் சிரித்தார். பில் வருவதற்குள் எனக்கு ஜுரம் வந்துவிடுகிறது. செத்துப்போனால் யார் கட்டுவது என்று பயமாக இருக்கிறது. கட்ட நீங்களும் இல்லை.

அடுத்த வருஷச் சேர்க்கைக்கு இன்னும் ஏழு மாதம். திருத்தம் ஏறிவிட்டால் எண் கூடும் என்கிறார்கள். ஏறுமா, எப்போது ஏறும், யாரும் சொல்வதில்லை. அக்கா வேறு, "பொண்ணுக்கு வயசாகுதுடா, ஒரு மாப்பிள்ளையைப் பாரு" என்று ஆரம்பித்திருக்கிறாள். போன வாரம் ஸ்டெல்லா அக்காவின் முட்டியைப் பிடித்துவிட்டுக்கொண்டிருந்தாள். மெல்ல மடக்கி, மெல்ல நீட்டி. விலை எதுவும் கூவவில்லை. இந்த மாதத்து எண்ணைச் சொல்ல வந்த நான், கதவுக்கு வெளியே நின்று பார்த்துவிட்டு, சொல்லாமலே திரும்பிவிட்டேன்.

இரவில் சாப்பாடு இறங்குவதில்லை மச்சான். ஊரில் எல்லோரிடமும் சிரித்துக்கொண்டுதான் இருக்கிறேன். சிரிக்காவிட்டால் என்ன ஆச்சு என்று கேட்பார்கள்.

இதை நம் கோயில் இதழில் போடச் சொல்லிக் கொடுக்கிறேன். ஸ்டெல்லாவிடம் கேட்டேன். "போடுங்க மாமா. குவைத்துக்குப் போற பசங்க படிக்கட்டும்" என்றாள். மோதிர தானத்தை நம்பினவர்களும் படிக்கட்டும்.

கல்லறைத் திருநாளில் உங்களுக்கு மெழுகுவத்தி கொளுத்தினேன். இனி மாதம் ஒருமுறை, பில் கட்டிய கையோடு அங்கே வருவேன். வந்து அந்த மாதத்து எண்ணை உங்களிடம் சொல்வேன். அது எழுநூறைத் தொடும்வரை, ஸ்டெல்லா பெட்டியைத் தூக்கிக்கொண்டு புதுச்சேரி பஸ் ஏறும்வரை, ஒரு மாதமும் தவற மாட்டேன். என் வாக்கு எவ்வளவு பெறும் என்று உங்களுக்குத் தெரியும். இதை மட்டும் முழு விலைக்கு எடுத்துக்கொள்ளுங்கள்.

தெருவில் கேட்டவர்களுக்கு எண்ணூறைத் தாண்டிவிட்டது என்று சொல்லிவைத்திருக்கிறேன். உங்களிடம் சொல்கிறேன்: இந்த மாதம் அறுநூற்று முப்பத்தொன்று. நான் ஒன்றும் கூட்டவில்லை மச்சான். நீங்களும் ஒன்றும் கழிக்காதீர்கள்.

உங்கள் மனைவியின் தம்பி,
உங்கள் மகளுக்கு ஒரு வருஷம் கடன்பட்ட மாமன்,
ஆரோக்கியம்