அண்ணியின் சைக்கிள் இப்போது கத்துவதில்லை

என் ஆசை அண்ணை,

அண்ணி வருவதற்கு முன்பே எதிர்வீட்டுப் படலை சாத்தப்படுவதைத்தான் நான் முதலில் கவனித்தேன். காலையில் முற்றம் கூட்டிக்கொண்டு நின்றேன். எதிர்வீட்டு மாமா சால்வையைத் தோளில் போட்டபடி ஒழுங்கையில் கால் வைத்தார். எங்கள் வளவுக்குள் அண்ணி சைக்கிளில் ஏறி உட்கார்ந்தார். அது "கிறீச்" என்று கத்தியது. மாமா வைத்த காலை உள்ளே இழுத்துப் படலையைச் சாத்தினார். அண்ணி போய் முடங்கு திரும்பிய பிறகு படலை திறந்தது. மாமா ஒன்றும் நடவாதவர்போல நடந்து போனார்.

எனக்கு அது விளங்கச் சில நாள் பிடித்தது. உங்களுக்கு உடனே விளங்கியிருக்கும். புறப்படும் நேரத்தில் கைம்பெண் எதிர்ப்பட்டால் முழிவியளம், போகும் சகுனம், சரியில்லை என்பார்களே, அதுதான். சைக்கிள் கத்தக் கத்த, அண்ணிக்கு முன்னால் ஒழுங்கை நெடுகப் படலைகள் ஒவ்வொன்றாகச் சாத்தப்பட்டன.

உங்களுடைய முதல் வருசத்து ஆட்டைத் திவசம் முடிந்த பிறகுதான் அண்ணி மறுபடி படிப்பிக்கப் போகத் தொடங்கினார். ஐயாதான் போகச் சொன்னார். "நெருப்புக் காய்ச்சல் என்ரை பிள்ளையைக் கொண்டுபோட்டுது. உன்ரை படிப்பையும் கொண்டுபோக வேணுமோ?" என்று கேட்டார். அண்ணி அன்று நெடுநேரம் அழுதார். பிறகு எழும்பி முகம் கழுவிக்கொண்டு வந்து, "சைக்கிளுக்குக் காத்து இருக்கோ, பிள்ளை?" என்று என்னிடம் கேட்டார்.

அந்தச் சைக்கிளை நீங்கள் கொண்டுவந்த நாளை நினைத்தால் இப்போதும் சிரிப்பு வருகிறது. தன் ஊருக்குத் திரும்பிப் போன ஒரு வெள்ளைக்கார நேர்ஸ் விட்டுச் சென்றது. நடுவில் கம்பி இல்லாத பெண்கள் சைக்கிள். அண்ணிக்கு என்று சொல்ல வெட்கப்பட்டு, "எனக்குத்தான் வாங்கினனான்" என்று நீங்களே அதில் ஏறித் திரிந்தீர்கள். பண்டத்தரிப்புச் சந்தியில் உங்கள் கூட்டாளி, "என்ன மாப்பிள்ளை, சீலையை எங்கை விட்டிட்டு வாறீர்?" என்று கேட்டாராம். "வெளுக்கப் போட்டிருக்கு" என்றீர்களாம். பிறகு புகையிலை வெட்டி முடிந்த தோட்டத்தில் அண்ணியை அதில் ஏற்றிவிட்டு, பின்னால் பிடித்துக்கொண்டு ஓடினீர்கள். அப்போது அது கத்தியதா? இல்லை. அது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது.

ஒருநாள் பின்னேரம் எதிர்வீட்டு மாமா ஐயாவோடு கதைத்துக்கொண்டிருந்தார். ஐயா, சைக்கிளுக்கு ஏதாவது செய்யவேண்டும் என்றார். "உது கத்துறது நல்லதுதானே," என்றார் மாமா. "சனத்துக்கும் ஒரு உதவி. சத்தம் கேட்டால் கொஞ்சம் நிண்டு போகலாம்." அவர் பகையாகச் சொல்லவில்லை, அண்ணை. மழை வரும் என்று சொல்வதுபோலச் சொன்னார். அண்ணி உள்ளே பிள்ளைகளின் கொப்பி திருத்திக்கொண்டிருந்தார். அவருடைய கை நின்றது.

இரவு சாப்பிடும்போது அண்ணி சொன்னார்: "இந்தத் தவணையோடை பள்ளிக்கூடத்தை விடப் போறன் மாமி. அரியாலைக்குப் போய் அம்மாவோடை இருக்கிறன். அங்கை வீட்டுக்குள்ளை இருக்கலாம்."

அம்மா அவருக்கு இன்னும் ஒரு அகப்பை சோறு போட்டார். நான் சாப்பாட்டை விட்டு எழும்பினேன். அண்ணியின் பள்ளிக்கூடம் கிட்ட என்றுதானே நீங்கள் இரண்டு பேரும் எங்கள் வீட்டில் இருந்தீர்கள். பள்ளிக்கூடத்தை விட்டால் அண்ணிக்கு இங்கே என்ன இருக்கிறது? நான் பெரியபிள்ளையானதோடு என் படிப்பு நின்றது. அதன் பிறகு நான் வாசித்ததெல்லாம் அண்ணி கொண்டுவந்து தந்தவைதான். நீங்கள் போனீர்கள். அவரும் போனால் இந்த வீட்டில் நான் யாரோடு கதைப்பது? ஆட்களைக் கண்டால் கதவுக்குப் பின்னால் ஒளிக்கும் எனக்கு, ஒழுங்கை முழுதும் ஒருவரைப் பார்த்து ஒதுங்குவது எப்படி இருக்கும் என்று சொல்லித்தர வேண்டியதில்லை. அந்தச் சத்தத்தை நிற்பாட்டுவது என்று முடிவு செய்தேன்.

முதலில் சமையலறையில் இருந்த நல்லெண்ணெயைச் செயினுக்கு விட்டேன். எங்கள் செம்மண் ஒழுங்கையை மறந்துபோனேன். பின்னேரம் பார்த்தால் செயின் முழுதும் சிவந்த புழுதி குழைந்து சேறாகிக் கிடந்தது. கிறீச்சோடு கறுமுறு என்று இன்னொரு சத்தமும் சேர்ந்துவிட்டது. அதைத் துடைத்துவிட்டு, வண்டில்காரரிடம் கொஞ்சம் வண்டில் மை வாங்கித்தரச் சொல்லி ஐயாவிடம் கேட்டேன். ஆமணக்கெண்ணெயில் வைக்கோல் கரி குழைத்து அச்சுக்குப் பூசுவார்களே, அதுதான். மாட்டு வண்டிலின் பாரத்தைத் தாங்குவது அண்ணியைத் தாங்காதா என்று நினைத்தேன். தாங்கியது. ஆனால் அண்ணியின் வெள்ளைச் சேலையின் ஓரம் முழுதும் கறுப்பு அப்பிவிட்டது. நான் அழத் தொடங்கினேன். அண்ணி ஓரத்தைத் தூக்கிப் பார்த்தார். "விடு பிள்ளை. கன நாளைக்குப் பிறகு கரை வைச்ச சீலை கட்டியிருக்கிறன்," என்றார்.

சத்தம் மட்டும் அப்படியே இருந்தது.

அடுத்து ஞாயிற்றுக்கிழமை வந்தது. வீட்டுக்குப் பின்னால், யாரும் பார்க்காத இடத்தில் சைக்கிளை நிறுத்திப் பின்சில்லைத் தூக்கி மிதியைக் கையால் சுற்றினேன். சத்தம் இல்லை. நானே ஏறி உட்கார்ந்து மிதித்தேன். கத்தியது. உட்காராமல் மிதியில் எழும்பி நின்று மிதித்தேன். சைக்கிள் வாய் மூடிவிட்டது. அப்போ குற்றம் செயினிலும் இல்லை, சில்லிலும் இல்லை. உட்காரும் சீற்றின் கீழே அல்லவா இருக்கிறது? நீங்கள் நட்டுக் கழற்றும் சாவியைத் தேடி எடுத்து, சீற்றைத் தாங்கும் கம்பியைத் திருகிக் குழாய்க்குள்ளிருந்து வெளியே இழுத்தேன். கம்பியைச் சுற்றிச் சுண்ணாம்புபோல ஏதோ காய்ந்து பொருக்குக் கட்டியிருந்தது. நகத்தால் சுரண்டி மூக்கருகே கொண்டுபோனேன்.

சந்தனம், அண்ணை. சந்தனமும் திருநீறும்.

சரசுவதி பூசைக்கு அம்மா செய்த வேலை அது. உங்கள் சாவுத் துடக்கோடு ஒரு வருசம் பூசை இல்லாமல் போனது. இந்த வருசம், அண்ணி மறுபடி பள்ளிக்கூடம் போகும் வண்டி என்று, அம்மா அதை மஞ்சள் தண்ணீரால் கழுவி, கண்ட இடமெல்லாம் சந்தனம் பூசித் திருநீறு அள்ளி வைத்தார். தண்ணீரோடு எல்லாம் கரைந்து குழாய்க்குள் இறங்கிக் காய்ந்துவிட்டது. அண்ணி உட்காரும்போதெல்லாம் அதுதான் அரைபட்டுக் கத்தியது.

நான் அதை மண்ணெண்ணெயில் ஊறவைத்துப் தேங்காய்ப் பொச்சுத்தும்பால் தேய்த்துக் கழுவினேன். ஆனால் வெறுங்கம்பியை அப்படியே இறக்கினால் துருப்பிடித்து மறுபடி கத்தும் என்று ஐயா சொன்னார். இரண்டு பேரும் சந்தியில் இருக்கும் சைக்கிள் கடைக்குப் போனோம். நான் ஐயாவின் முதுகுக்குப் பின்னால் நின்றேன்.

"உருளுற இடத்துக்கோ, ஒட்டி நிக்கிற இடத்துக்கோ?" என்று கடைக்காரர் கேட்டார்.

நான் ஐயாவின் காதில் சொன்னேன். ஐயா சொன்னார்: "ஒட்டி நிக்கிற இடத்துக்காம்."

"அப்ப தண்ணியா இருக்கிற ஒயில் சரிவராது, வழிஞ்சுபோம். உந்த மஞ்சள் கிறீஸ்தான் நிக்கும். சீமையிலை சண்டை தொடங்கினதிலையிருந்து உது வாறதே இல்லை. எவ்வளவு வேணுமாம்?"

மறுபடி காது. "மெல்லிசாத்தான் பூசவேணுமாம். கொஞ்சம் போதுமாம்."

"உங்கடை தொண்டைக்குள்ளை ஆரோ கெட்டிக்காரி இருக்கிறா, ஐயா," என்று சிரித்துவிட்டு ஒரு சிரட்டையில் வழித்துத் தந்தார்.

வீட்டு வாசலில் அம்மா மறித்தார். "உது மாட்டுக் கொழுப்பில செய்யிறதெண்டு சனம் கதைக்குது. என்ரை வீட்டுக்குள்ளை வேண்டாம்."

"உது மண்ணெண்ணெய் எடுக்கிற இடத்திலையிருந்து வாறதாம்," என்றார் ஐயா.

"ஆர் கண்டது?"

"சரி, ஆரும் காணேல்லை. நீ உந்தச் சீற்றுக்குச் சந்தனம் வைச்சனியே, அது என்ன தோல்?"

அம்மா சீற்றைப் பார்த்தார். ஐயாவைப் பார்த்தார். "ஐயோ முருகா!" என்று சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டார். பிறகு அந்தத் தலைப்புக்குள்ளிருந்து சிரிப்பு வந்தது. உங்களைக் கொண்டுபோன பிறகு நான் அம்மாவின் சிரிப்பைக் கேட்கவில்லை, அண்ணை. சத்தம் எதனால் வந்தது என்று சொன்னபோது மட்டும் அவருடைய முகம் கொஞ்சம் வாடியது. "அப்ப இனி அதுக்குச் சந்தனம் வைக்கக் கூடாதோ?"

"வைக்கலாம் அம்மா. முன்னாலை, விளக்குக்கு மேலை, ஒரு பொட்டு."

கம்பிக்கு மெல்லிய பூச்சாகக் கிறீஸ் பூசி இறக்கினேன். சீற்றின் வில்லுக் கம்பிகள் ஒன்றோடொன்று உரசும் இடங்களிலும் விரல் நுனியால் வைத்தேன். மிஞ்சியதை, சேலையில் படாமல், துணியால் துடைத்தேன்.

திங்கட்கிழமை காலையில் விளக்குமாறோடு முற்றத்தில் நின்றேன். ஆனால் கூட்டவில்லை. அண்ணி ஏறி உட்கார்ந்தார். ஒரு சத்தமும் இல்லை. அண்ணிக்கே நம்பிக்கை வராமல் இன்னொருமுறை எழும்பி உட்கார்ந்து பார்த்தார். அவர் ஒழுங்கைக்கு இறங்கவும் எதிர்வீட்டு மாமா படலையைத் திறந்து வெளியே வரவும் சரியாக இருந்தது. ஒரு கால் வெளியே, ஒரு கால் உள்ளே. ஒளிக்க நேரமில்லை.

"போட்டு வாறன் மாமா," என்றார் அண்ணி.

மாமா சால்வையைச் சரிசெய்தார். "ஓம்... ஓம் பிள்ளை. கல்லு முள்ளுப் பாத்துப் போ."

பிறகு திரும்பி உள்ளே போக வெட்கப்பட்டோ என்னவோ, அவரும் நடந்து போனார். அவர் போன காரியம் என்ன ஆயிற்றென்று எனக்குத் தெரியாது. எல்லாரும் மாறிவிட்டார்கள் என்றும் நான் சொல்லமாட்டேன். கோயிலடி வீட்டில் இன்னும் தூரத்தில் கண்டவுடன் சாத்துகிறார்களாம். ஆனால் அண்ணி நேற்று அம்மாவிடம், அடுத்த தவணைக்குக் கீழ்வகுப்புப் பிள்ளைகளைத் தனக்குத் தரப்போகிறார்கள் என்று சொன்னார். அரியாலைக் கதையை அவர் எடுக்கவில்லை. நாங்களும் கேட்கவில்லை.

இன்று பின்னேரம் அண்ணி வந்து சைக்கிளைச் சாத்திவிட்டு, "பிள்ளை, மணி அடிக்குதில்லை," என்றார்.

"மாடுகள் விலகுதில்லையோ?"

"மாடு விலகுது. மனிசர் விலக வேண்டாம், நான் வாறன் எண்டு தெரிஞ்சால் போதும். அதை நானே சொல்லுறன்."

நீங்கள் அந்த மணியை ஒருநாளும் தொடவில்லையே, வாயாலேதானே கூப்பிட்டுக்கொண்டு வருவீர்கள். அது துருப்பிடித்து இறுகியிருந்தது. அண்ணை, உங்களுக்கு ஒரு வாக்குத் தருகிறேன். அண்ணி அந்தச் சைக்கிளில் போகும் வரைக்கும் அதைப் பார்ப்பது என் வேலை. எது கத்தவேண்டும், எது கத்தக் கூடாது என்று அவர் சொல்லட்டும். நான் செய்துகொடுப்பேன்.

மணியின் மூடியைக் கழற்றினேன். கிறீஸ் வைத்தால் நாக்கு ஒட்டிக்கொள்ளும் என்று, அம்மாவின் தையல் மெசின் எண்ணெயில் ஒரு துளி மட்டும் விட்டேன். மூடியைப் பூட்டிப் படலையடிக்குக் கொண்டுவந்து பெருவிரலால் அடித்துப் பார்த்தேன். ஒழுங்கையால் போன இரண்டு பேர் நின்று என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். நான் இன்னொருமுறை அடித்தேன்.

அண்ணியையும் உங்கள் சைக்கிளையும் காவல் காக்கும்,
உங்கள் ஒரே தங்கச்சி