உன் பாட்டு மெதுவான பாட்டு

மச்சான்,

இன்று காலை கடைக்குப் போகும்போது வாய்க்கால் கரையில் சின்னப் பிள்ளைகள் கயிறடித்துக்கொண்டு நின்றார்கள். "இரணைமடுத் தண்ணி வருகுது, இரணைமடுத் தண்ணி வருகுது" என்று உன் பாட்டைத்தான் துள்ளித் துள்ளிப் பாடினார்கள். நின்று திருத்த எனக்குத் தெம்பில்லை. சைக்கிளை உருட்டிக்கொண்டு போய்விட்டேன்.

எங்கள் கோஷ்டியில் நீ பாட்டு, நான் கிற்றார். கிளிநொச்சிப் பக்கத்தில் கலியாண வீடு என்றால் உன் பைலா ஆட்டப்பாட்டு இல்லாமல் பந்தல் களைகட்டாது. இரணைமடுக் குளம் திறந்தால் வாய்க்காலில் முதலில் இறங்கி விளையாடுகிற உன் மகள் காய்ச்சலில் போன பிறகும், கூப்பிட்ட வீடுகளுக்கெல்லாம் வந்து பாடினாய். பாடாமல் இருந்தால் விழுந்துபோவேன் என்று என்னிடம் சொன்னாய். நான் தங்கச்சி என்று கூப்பிடும் உன் மனைவியிடம் அதைச் சொல்லவில்லை. ஒருநாள் என் முன்னாலேயே அவள் கேட்டாள்: "பிள்ளையைக் குடுத்துப்போட்டு எப்பிடியப்பா உங்களாலை ஆடிப் பாட முடியுது?" நீ குனிந்துகொண்டு சோற்றைப் பிசைந்தாய். அதன்பின் அவள் உன்னோடு கதைப்பதே குறைந்துவிட்டது.

பிறகுதான் தேத்தண்ணிக் கடை வானொலியில் அந்தப் பாட்டைக் கேட்டோம். அமெரிக்காவின் கறுப்பு மனிதர் ஒருவர் பாடிய புளூஸ் என்ற சோகப் பாட்டு. ஒரே அடியை இரண்டு தரம் பாடி, மூன்றாம் அடியில்தான் நெஞ்சைத் திறந்தார். "என்ன சொல்லுறார் எண்டு விளங்கேல்லை. ஆனா எங்கடை ஆள் மச்சான்," என்றாய். தேத்தண்ணி ஆறிப்போனதை நீ கவனிக்கவில்லை.

அதே மாதிரி நான்கு பாட்டுக் கட்டினாய். நான்கும் துயரப் பாட்டு. "இதுக்கு ஆர் ஆடுவினம்?" என்று கோஷ்டிக்காரர் கையை விரித்தார்கள். நீ என்னை மட்டும் கூட்டிக்கொண்டு கொழும்புக்குப் போய், உன் பெயரில் தனியாக இசைத்தட்டுப் போட்டாய். கண்ணை மூடிக்கொண்டுதான் பாடினாய்.

இரணைமடுத் தண்ணி வருகுது,
இரணைமடுத் தண்ணி வருகுது,
இறங்கி விளையாட நீ இல்லை.

"மனிசிக்கு நேரை நிண்டு பாட என்னாலை ஏலாது. தட்டு பாடட்டும்," என்றாய். கம்பனிக்காரர் ஒரு தட்டைக் கையில் தந்து, மற்றவை பிறகு வரும் என்றார்கள். வரவேயில்லை.

ஒட்டுசுட்டானில் அவளுடைய தம்பியின் கலியாணம். ஸ்பீக்கர்காரரிடம் தட்டைக் கொடுத்துவிட்டு, அவள் முகம் தெரியும் இடமாகப் பார்த்து நின்றாய். அவரிடம் இருந்தது சாவி கொடுக்கிற பழைய கிராமபோன். அதற்கு ஒரே வேகம்தான். புதுத் தட்டு அதைவிட மெதுவாகச் சுற்ற வேண்டும் என்பது அவருக்கும் தெரியாது, நமக்கும் தெரியாது. உன் குரல் கீச்சுக் கீச்சென்று வந்தது. என் கிற்றார் குதித்தது. பந்தலே எழும்பி ஆடியது. நீ ஓடிப்போய் நிறுத்தப் பார்த்தாய். "திருப்பிப் போடுங்கோ!" என்று உன்னையே தூக்கிக்கொண்டு ஆடினார்கள். இரும்பு ஊசி தட்டை உழுதுவிட்டது; பிறகு அது பாடவேயில்லை. மூன்றாம் அடிக்கும் கைதட்டினார்கள், மச்சான். தங்கச்சி எழும்பி வெளியே போனாள்.

பின்னால் ஓடிப்போய், "மெசின் வேகமாச் சுத்திப்போட்டுது தங்கச்சி," என்றேன்.

"இவர் பாடாததை மெசின் பாடுமோ அண்ணை?" என்றாள்.

அன்றோடு நீ வாயை மூடிவிட்டாய். ஊர் மட்டும் அந்தப் பாட்டை அதே வேகத்தில் பிடித்துக்கொண்டது. ஒருக்கால் அவளுக்குப் பாடிக் காட்டு என்று எத்தனை தரம் கேட்டிருப்பேன்! "களைச்சுப் போனன் மச்சான்," என்பாய். எனக்கு உன்மேல் ஆத்திரமாக வரும். ஒரே வீட்டில் ஒருவருக்கொருவர் சோறு போட்டும், காய்ச்சலுக்கு மல்லி அவித்துக் கொடுத்தும், அந்தப் பிள்ளையின் பெயரை மட்டும் எடுக்காமல் இருவரும் காலத்தை ஓட்டினீர்கள்.

நீ செத்து முப்பத்தோராம் நாள், உன் அந்தியேட்டிச் சடங்கு முடிந்து சனம் போன பிறகு தங்கச்சி என்னிடம் வந்தாள். "அண்ணை, அந்தப் பாட்டை இவர் பாடின மாதிரியே பாடுங்கோ."

எனக்குக் குரல் இல்லையென்று உனக்குத் தெரியும். ஆனாலும் பாடினேன், நீ பாடிய அதே மெதுவில். மூன்றாம் அடி வந்ததும் என் கையைப் பிடித்து நிறுத்தினாள்.

"நானும் வாய்க்கால் பக்கம் போறேல்லை அண்ணை. இவருக்கும் அப்பிடித்தான் எண்டு தெரிஞ்சிருந்தா, ரெண்டுபேருமா இருந்து அழுதிருப்பம்."

உன்னைத் தட்டி எழுப்பி அதைக் கேட்க வைக்க வேண்டும்போல் இருந்தது.

இப்போதும் இடைக்கிடை ஆள் அனுப்புகிறாள். கிற்றாரைத் தூக்கிக்கொண்டு போகிறேன். நான்கு பாட்டையும் பாடி முடிய மூச்சு வாங்குகிறது. களைப்பு உனக்கு மட்டும் சொந்தமில்லை, மச்சான். அவள் பக்கத்தில் கதிரையைப் போட்டுக்கொண்டு, கடைசி அடி வரைக்கும் இருந்து கேட்கிறாள்.